சூல்சட்டை

மேடையில் தொபியாஸுக்குக் கொடுத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. மூச்சை இழுத்தால் வலப்பக்கம் சாய்ந்தது, விட்டால் இடப்பக்கம் சாய்ந்தது. தரையில் கிடக்கிற நாற்காலிக்கும் கடல் புத்தி வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தார், இதைச் சத்தமாகச் சொல்லியிருந்தால் முன்வரிசை சிரித்திருக்கும், சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கடலுக்குப் போகாத நாள், பூசை முடிந்த கையோடு சனம் அப்படியே மீன் ஏலக்கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது, கழுவிவிட்ட சிமெண்டுத் தரையில் நேற்றைய நெத்திலி வாடையும் சட்டைகளில் ஒட்டிவந்த சாம்பிராணி வாடையும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. கூடத்துக்குச் சுவர் கிடையாது, நாலு பக்கமும் தூண்கள்தான், தூணுக்கு அந்தப் பக்கம் மணல், மணலுக்கு அந்தப் பக்கம் அது. பதினாலு மாதமாக அதை நேருக்கு நேர் பார்ப்பதில்லை என்று ஒரு வைராக்கியம் வைத்திருந்தார், மேடையை அதைப் பார்க்கப் போட்டுத் தொலைத்திருக்கிறார்கள். கண்ணை இறக்கினால் மூன்றாவது வரிசையில் பெண்கள் பக்கம் மகள் பிரகாசி, மடியில் ஒரு வயதுப் பிள்ளை, கழுத்தில் தாலி. இடப்பக்கம் திருப்பினால் நூறு எட்டு வைக்கிற தூரத்தில் அவருடைய வலைக்கொட்டகை, துருப்பிடித்த தகரக் கதவு. கதவுக்குள்ளே மூலையில், கிழிந்த சூடைமீன் வலைக் குவியலுக்கு அடியில், இப்போது இந்த மீன்வளத்துறை அதிகாரியம்மா மேடையில் தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறாளே அதே ஆரஞ்சு நிறத்தில் ஓர் உயிர்காப்புச் சட்டை கிடக்கிறது, உள்பக்கம் கழுத்தோரத்தில் கறுப்பு நூலால் 'ரெமி' என்று தைத்திருக்கிறது, தைத்தவள் மூன்றாவது வரிசையில் இருக்கிறாள், புருஷன் அதைப் போட்டுக்கொண்டுதான் கடலில் காணாமல் போனான் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். கண்ணுக்கு இறங்க ஓர் இடம் இல்லை. கூரையைப் பார்த்தார். கூரையில் ஒரு காக்கை இருந்தது, அது இவரைப் பார்த்தது.

அதிகாரியம்மா சின்னப் பிள்ளைதான், மதுரைப் பக்கம், கடலை முதன்முதலாகப் பார்த்ததே வேலையில் சேர்ந்த பிறகுதான் என்று தானாகவே சொன்னாள், ஒளிக்கவில்லை, அந்த ஒளிக்காத குணம்தான் தொபியாஸுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. மஞ்சள் பெட்டி ஒன்றைக் காட்டினாள், பொத்தானை அமுக்கினால் வானத்துக்குச் சேதி போகுமாம். கையில் பிடித்துக் கொளுத்துகிற சிவப்பு வெளிச்சக் குழலைக் காட்டினாள், காற்றுக்கு முதுகைக் காட்டிப் பிடிக்கணும், தேதி தாண்டினதை வைத்திருக்கக் கூடாது, போன தடவை கொடுத்தவை எங்கே என்று கேட்டாள். மாதா திருவிழாவில் சப்பரம் தெரு சுற்றி வரும்போது முப்பது குழலையும் வரிசையாகக் கொளுத்தி, ஊரே செக்கச் செவேலென்று நின்றதை யார் அவளிடம் சொல்வது. அந்த யோசனை யாருடையது என்பதையும் யார் சொல்வது. எல்லாம் இந்த வாய், இந்த வாய் சொன்னதை ஊர் கேட்டது, அதுதான் கோளாறு, கேட்காத ஊரில் பிறந்திருந்தால் வெறும் உளறுவாயனாகச் செத்துப் போயிருக்கலாம். எட்டு வருஷத்துக்கு முன்னால் முதன்முதலாக இந்தச் சட்டைகள் வந்தபோதும் இதே கூடம்தான். ஒருவன் அதை மாட்டிக்கொண்டு நின்றான், முன்னால் வயிறு புடைத்துக்கொண்டு, கைகளைப் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு, ஒன்பதாம் மாதக்காரி குடத்தோடு குழாயடியில் நிற்பது போல, யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும், தொபியாஸ் பின்வரிசையிலிருந்து, எத்தனாவது மாசம்வே, என்றார், அவ்வளவுதான். சூல்சட்டை என்ற பெயர் அன்றைக்கு வைத்தது. ஆறு ஊருக்கு அது பரவிற்று, பக்கத்து ஊர் ஏலக்காரன் ஒருவன் அந்தப் பெயரைத் தன் தாத்தா வைத்தது என்று இவரிடமே சாதித்தான், அப்போது எவ்வளவு பெருமையாக இருந்தது. அதற்குப் பிறகு ஒருத்தனும் போட்டதில்லை. ஒன்று தொட்டிலில் பிள்ளைக்கு மெத்தையாயிற்று, ஒன்று கருவாட்டுக் களத்தில் காக்கை விரட்டும் பொம்மைக்குப் போயிற்று, மீதியைக் கிழித்து உள்ளே இருந்த நுரையை வலைக்கு மிதவையாகக் கட்டிவிட்டார்கள், வலை மூழ்கவில்லை.

போதாக்குறைக்கு அந்த ஆமைக் கதை. நாற்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி அதற்கே முதுகு தேய்ந்திருக்கும். இளந்தாரியாக இருந்தபோது தொபியாஸின் வள்ளம் கவிழ்ந்ததும், மூன்று நாள் ஆமை முதுகில் உட்கார்ந்து இலங்கைக் கரை வரைக்கும் போனதும், அங்கே டீக்கடையில் தானும் ஒரு டீ குடித்து, ஆமைக்கும் சீனி போடாமல் ஒன்று வாங்கிக் கொடுத்ததும், பாஸ்போர்ட் கேட்ட போலீஸ்காரனுக்கு ஆமையின் ஓட்டைக் காட்டியதும். ஆமைக்கு ஏன் சீனி இல்லை என்று கேட்காத பிள்ளை இந்தக் கரையில் கிடையாது, அதுக்கு முந்நூறு வயசுலே, சக்கரை வியாதி இருக்காதா, என்பார். சட்டை இல்லாமல் மூன்று நாள் கடலில் கிடந்து வந்த மனுஷன் நம்ம ஊரில் இருக்கும்போது பஞ்சு பொம்மையைக் கட்டிக்கொண்டு போவானேன் என்று சங்கக் கூட்டத்தில் ஒருத்தன் நிஜமாகவே கேட்டான். மறுக்கவில்லை. மீசையைத் தடவிக்கொண்டார். நடந்தது ஒரு ராத்திரிகூட முழுசாக இல்லை, வாயை இறுக்கி மூடிய வெறும் டீசல் கேன் ஒன்று கையில் அகப்பட்டது, அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஏசுவையும் கூப்பிடவில்லை மாதாவையும் கூப்பிடவில்லை, யம்மா யம்மா என்று அழுதுகொண்டு, டீசலும் உப்புமாக வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தார், விடியும்போது வேறு வள்ளத்துக்காரர்கள் தூக்கியபோது கேனை விடவில்லை, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்கள். கேன்தானே. அதுவும் ஒரு சூல்சட்டைதானே. அதற்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கலாம். நாற்காலி இடப்பக்கம் சாய்ந்தது.

அதிகாரியம்மா பட்டைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று பட்டை, மூன்று கொக்கி, டக்கென்று சத்தம் கேட்கும்வரை அழுத்தணும், லொடலொடவென்று விட்டால் ஆள் கீழே நழுவிவிடுவான், சட்டை மட்டும் மேலே நிற்கும். டக். அந்தச் சத்தம். அன்றைக்கு விடிந்து கொஞ்ச நேரம் இருக்கும், வீட்டு வாசலில் இந்தச் சத்தம் மூன்று முறை கேட்டது, ஏழு மாத வயிற்றோடு பிரகாசி, கிழிபடாமல் பெட்டியில் எடுத்து வைத்திருந்த ஒன்றைப் புருஷனுக்குப் போட்டுப் பட்டை இழுத்துக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தாள், ரெமிஜியுஸ் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பையன் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். கூட வரும் ஆளுக்குக் காய்ச்சல், நண்டு வலையைத் தூக்கிவிட்டு வரத் தனியாகப் போகிறான், பக்கத்துக் கடல்தான், இருந்தாலும் போடணும் என்றுவிட்டாள். தொபியாஸ் அவனுக்கு முன்னாலேயே கரைக்குப் போய்விட்டார், நான்கு பேர் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள், சங்கத் தலைவர் பரலோகமும் அதில் உண்டு. ரெமி மணலில் நடந்து வந்தான். ஆரஞ்சு நிறமாக வந்தான். தூரத்திலேயே தெரிந்தது. நான்கு தலையும் நிமிர்ந்து அவனைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்தன. அதுதான். அதை யாரிடம் சொன்னால் புரியும். நாதஸ்வரக்காரன் வாயில் குழலை வைத்த பிறகு சனம் பார்க்குமே ஒரு பார்வை, ஊது என்று ஒருவரும் சொல்வதில்லை, ஆனால் ஊதாமல் எடுக்க முடியுமா. சொல்லக் கூடாது என்றுதான் இருந்தார். சத்தியமாக அப்படித்தான் இருந்தார். இல்லை, இது புளுகு, சொல்லக் கூடாது என்றெல்லாம் நினைக்கவில்லை, எப்படிச் சொன்னால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்றுதான் யோசித்தார், வழக்கமான கேள்வி பழசாகிவிட்டதே, மருமகனுக்கென்று புதுசாக ஒன்று வேண்டாமா, பாவி, வார்த்தையைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தான் பாவி. "வீட்டுல ஏழு மாசம் மாப்ளே. உமக்கு எத்தனை?" நான்கு பேரும் வலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். ரெமி கோபப்பட்டிருக்கலாம், காது கேட்காத மாதிரி தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். அவனும் சிரித்தான், அவனுக்கும் வாய் உண்டு, அதனால்தானே பெண்ணைக் கொடுத்தது. டக், டக், டக், மூன்று கொக்கியும் கழன்றன. சட்டையைச் சுருட்டி, பேறுகாலம் பார்த்த மருத்துவச்சி துணியில் ஏந்துவது போல ரெண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்து மாமனார் மடியில் வைத்தான். "பிரசவம் ஆயிட்டு மாமா. பிள்ளைய நீரே வச்சிக்கிடும்." அதற்குப் பிறகு அந்தக் கரையில் சிரித்த சிரிப்புக்கு ஈடாக இதுவரை ஒரு சிரிப்பு கேட்கவில்லை. மருமகன் ஜெயித்துவிட்டான் என்று தொபியாஸே தொடையில் தட்டிச் சிரித்தார். மடியில் அது கனமே இல்லாமல் இருந்தது. வள்ளம் போயிற்று. பத்து மணிக்குக் காற்று சொல்லாமல் திரும்பிற்று.

அப்போது சொல்லியிருக்கலாம். சாயங்காலம் கவிழ்ந்த வள்ளத்தை மட்டும் கட்டி இழுத்து வந்தார்களே, அப்போது. பிரகாசி ஓடிவந்து வள்ளத்துக்குள் குனிந்து எட்டிப் பார்த்துவிட்டு, சட்டை இல்லை என்றால் அவர் போட்டிருக்கிறார், போட்டிருக்கிறார் என்றால் மிதக்கிறார் என்று கணக்குச் சொல்வது போலச் சொன்னாளே, அப்போது. நான்கு பேரும் நின்றார்கள். ஒருவரும் ஒருவரிடமும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, ஆனால் நான்கு பேருடைய கண்ணும் மணலுக்குப் போயிற்று, அவரவர் பங்குச் சிரிப்பு அவரவர் தொண்டையில், அதற்குப் பிறகு அந்த நான்கு பேரும் ஓரிடத்தில் சேர்ந்து உட்கார்ந்து வலை பிரித்ததில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி, ஏழாம் மாதம், இப்போது சொன்னால் தாங்குவாளா, பெற்றெடுக்கட்டும் என்றார் மனசுக்குள். பெற்றெடுத்தாள். பால் வற்றிவிடும், பிள்ளைக்கு ஆறு மாதமாகட்டும் என்றார். சாப்பிட மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்தவளைச் சாப்பிட வைக்க ஒரு கதை வேண்டியிருந்தது, கதைக்கா பஞ்சம், கேரளக் கரைக்காரன் ஒருவன், இதே சட்டை போட்டுக்கொண்டு, பத்தொன்பது நாள் மிதந்து மாலத்தீவுப் பக்கம் கப்பலில் ஏற்றப்பட்டு, மொழி தெரியாத ஆஸ்பத்திரியில் ஞாபகம் தப்பிக் கிடந்து, ஒன்றரை வருஷம் கழித்து வீட்டுக் கதவைத் தட்டினான். அவள் எழுந்து உட்கார்ந்து தட்டை இழுத்துக்கொண்டாள். அவர் புளுகின கதைகளிலேயே ஆமை கிடையாத கதை அது ஒன்றுதான், அதை மட்டும்தான் ஒருத்தி எழுத்துக்கு எழுத்து நம்பினாள். ஒன்றரை வருஷம் என்று ஏன் சொன்னார், ஒரு மாதம் என்று சொல்லியிருக்கலாமே. இன்னும் நாலு மாதம் பாக்கி என்று போன வாரம் விரல் விட்டுச் சொன்னாள். கல்லறைத் திருநாளுக்கு ஊரெல்லாம் மெழுகுதிரி ஏற்றிற்று, இவள் ஏற்றவில்லை, சாமியார் கேட்டதற்கு, கடலில் இருக்கிறவர்களுக்கான மன்றாட்டில் பேரை வாசியுங்கள் சாமி, இறந்தவர்கள் பட்டியலில் வேண்டாம் என்றாளாம். இன்றைக்கும் பூசையில் வாசித்தார்கள். ரெமிஜியுஸ். கடலில் இருப்பவர். பொய்யும் இல்லை அது.

கூட்டத்தில் ஒரு கை உயர்ந்திருந்தது. வளையல் கழற்றாத கை, அவளுடையது. அதிகாரியம்மா தலையை ஆட்டினாள். பிரகாசி பிள்ளையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு எழுந்து நின்றாள். "இதப் போட்டவுக எத்தனை நாளைக்கு மெதப்பாவம்மா?"

அதிகாரியம்மாவுக்கு விவரம் தெரியாது, ஊர்க்காரர்கள் சொல்லியிருக்கவில்லை, அவள் நல்ல மனசோடு, உள்ளே இருப்பது காற்று இல்லையம்மா, நுரை, ஓட்டை விழுந்தாலும் ஒன்றும் ஆகாது, எத்தனை நாளானாலும் சட்டை மூழ்காது என்றாள். சட்டை என்றாள். பிரகாசி ஆள் என்று கேட்டுக்கொண்டாள், அது அவள் முகத்தில் தெரிந்தது, பரீட்சையில் தான் எழுதிய விடை சரிதான் என்று தெரிந்த பிள்ளையின் முகம், உட்கார்ந்து பிள்ளையின் தலையை மோந்தாள். தொபியாஸுக்கு வயிற்றிலிருந்து டீசலும் உப்புமாக ஏதோ மேலே வந்தது. நாற்பது வருஷத்துக்கு முந்தியது, இன்னும் மிச்சம் இருக்கிறது. பரலோகம் மைக்கைப் பிடித்து, இப்போது போட்டுக் காட்டுவதற்கு நம்ம தொபியாஸ் அண்ணனைக் கூப்பிடுகிறோம் என்றார், சொல்லும்போது இவர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் பார்க்கிற ஆளாக ஒருவரைக் கொடுங்கள் என்று அதிகாரியம்மா கேட்டாளாம், ஊரில் அப்படி ஒரு ஆள்தான் உண்டாம். எழுந்தார். நாற்காலி நிம்மதியாக ஒரு பக்கம் சாய்ந்து நின்றுவிட்டது. சட்டை தலைவழியாக வந்தது, புது பிளாஸ்டிக் வாடை, நெஞ்சில் ஓர் அணைப்பு, அதிகாரிப் பிள்ளை குனிந்து பட்டையை இழுத்தாள், டக், கையைத் தூக்குங்கய்யா என்றாள், தூக்கினார், டக், கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி, அவனும் இப்படித்தான் நின்றான், டக். எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது. பிடித்துக்கொள்கிறது. கேன்கூட இப்படிப் பிடிக்கவில்லை, அதை நாம்தான் பிடிக்கணும், இது நம்மைப் பிடிக்கிறது. இந்தப் பிடியிலிருந்து ஒருத்தனைப் பேசியே வெளியே எடுத்திருக்கிறோம். கூட்டம் குலுங்கத் தொடங்கியிருந்தது, வரப்போவது என்னவென்று அதற்குத் தெரியும், பின்வரிசையிலிருந்து யாரோ ஒரு விடலை, பெரியப்பா, எத்தனாவது மாசம், என்று கத்திவிட்டான், கூரைக் காக்கை பறந்தது, பெண்கள்கூட முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அதிகாரியம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, சிரித்து வைத்தாள், ரெண்டு வார்த்தை சொல்லுங்கய்யா என்று மைக்கை நீட்டினாள். அந்தப் பார்வை. முந்நூறு பேர் கண்ணிலும் அதே பார்வை. ஊது.

ஊதாமல் எடுக்க முடியாது. ஆனால் எதை ஊதுவது. இறங்கிப் போய் மகள் காதில் சொல்லலாம், வீட்டில் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம், நாலு மாதம் கழியட்டும் என்று விட்டால் கதையில் இன்னொரு கப்பல் வரும், இன்னொரு ஆஸ்பத்திரி வரும், அதற்கெல்லாம் இந்த வாயில் இடம் உண்டு, ஏழு வருஷத்துக்குக் காணும் அளவுக்கு உண்டு, அவள் தட்டை இழுத்துக்கொண்டு சாப்பிடுவாள், தாலியோடு கிழவியாவாள். நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லை வீட்டுக்குள் வைத்து எடுக்க முடியுமா. மைக்கில் அவர் மூச்சு பெரிதாகக் கேட்டது. "இந்தச் சட்டைய என் மருமவன் போட்டுட்டு வந்தான். கழத்த வச்சது நான். என் வாயி." சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் பேரில் தப்பில்லை, இந்தக் குரலில் இந்த வாய் எதைச் சொன்னாலும் அடுத்த வரியில் ஓர் ஆமை வரும் என்று நாற்பது வருஷமாகப் பழக்கியிருக்கிறது, அந்த ஆமைக்காக முன்கூட்டியே சிரிக்கிறார்கள், மருமகன் பேரை எடுத்ததும் ரெண்டொருவர் திடுக்கிட்டார்கள், அவர்களையும் பக்கத்துச் சிரிப்பு இழுத்துக்கொண்டது. பரவாயில்லை, சொல்லியாயிற்று, நம்பவில்லை என்றால் அது அவர்கள் பாடு, என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்த வஞ்சகக் கிழட்டு நெஞ்சு லேசானது. அப்புறம் பிரகாசியைப் பார்த்தார். அவள் இவரைப் பார்க்கவில்லை. சிரிப்புக்கு நடுவில் தலையை மெல்லத் திருப்பிக்கொண்டு ஆண்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள், கடலில் நுரை பொங்குவதற்கு நடுவே பாறை எங்கே நிற்கிறது என்று பார்க்கிற மாதிரி. அங்கே ஒருத்தன் சிரிக்கவில்லை. தள்ளி, தூணோரம் இன்னொருத்தன் சிரிக்கவில்லை, காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி வரிசையில் ஒருத்தன். பிறகு கண் மேடைக்கு ஏறி, பரலோகத்தின் முகத்தில் வந்து நின்றது. நாலு. அவள் எண்ணியதை இவரும் கூடவே எண்ணினார்.

பிள்ளையைப் பக்கத்தில் இருந்தவள் மடியில் வைத்தாள். வரிசையைத் தாண்டி மேடை விளிம்புவரை வந்தாள். சிரிப்பு ஆங்காங்கே அறுந்து விழுந்தது. மைக்கில்லாத குரல்தான், ஆனால் கேட்டது.

"எங்க இருக்குப்பா அது?"

"கொட்டகையில மக்கா. சூடை வலைக்கு அடியில."

அழவில்லை, ஏசவில்லை, அடுப்பங்கரையில் உப்பு எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொண்டவள் போலத் திரும்பி நடந்தாள். தகரக் கதவு கிறீச்சிட்டது. பதினாலு மாதமாக ஒவ்வொரு நாளும் அந்தக் கதவைத் திறந்து அந்த மூலையைப் பார்க்காமல் மூடியவர், இப்போது நூறு எட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு வலை விலகுகிற சத்தத்தைக் கேட்டார், கேட்டிருக்க முடியாது, கேட்டார். வெளியே வந்தாள். கையில் ஆரஞ்சு நிறம், மேலே ஒட்டடை. கழுத்தோரத்தைப் புரட்டி நூலைப் பார்த்தாள். பிறகு மணலில் இறங்கி, முழங்கால் அளவு தண்ணீர்வரை போய், ரெண்டு கையாலும் தூக்கி எறிந்தாள். இப்போது அவர் கடலைப் பார்த்தே ஆகவேண்டியிருந்தது. சட்டை விழுந்தது, ஒரு தரம் உள்ளே போய் வந்தது, நிமிர்ந்து கொண்டது, நெஞ்சைக் காட்டிக்கொண்டு, உள்ளே ஆள் இருப்பது போலவே, அழகாக மிதந்தது. அலை அதைக் கொண்டுவந்து அவள் முழங்காலில் சேர்த்தது. எடுத்து இன்னும் தூரமாக எறிந்தாள். வந்தது. கூடத்தில் முந்நூறு பேரும் தூண்களுக்கு இடையே எழுந்து நின்றிருந்தார்கள், அதிகாரியம்மா யாரையோ என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தாள், பரலோகம் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். தொபியாஸின் கை கொக்கியைத் தேடிற்று, விரலுக்கு அகப்படவில்லை, சட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. பிரகாசி மூன்றாம் தரம் எறிந்தாள், நாலாம் தரம் எறிந்தாள். அதற்கு மூழ்கத் தெரியவில்லை.